அஸ்வின் சொந்த மண்ணில் மட்டும்தான் புலியா?

கேள்வி இதுதான்: அஸ்வின் எடுத்த 537 டெஸ்ட் விக்கெட்டில் பெரும்பகுதி இந்தியாவின் சுழலும் பிட்ச்களில் வந்தவை, வெளிநாட்டில் அவரைப் பல தடவை வெளியே உட்கார வைத்தார்கள், அப்படியிருக்க அவரை ஏன் மிகப் பெரிய பந்துவீச்சாளர்கள் வரிசையில் சேர்க்க வேண்டும்? நியாயமான கேள்வி. பல வருடமாக அவர் பந்துவீச்சை ஓவர் ஓவராகப் பார்த்து வருகிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. மொத்தம் 106 டெஸ்ட், 537 விக்கெட், சராசரி 24 (ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு, குறைந்தால் நல்லது). இதில் இந்தியாவில் ஆடிய 65 டெஸ்ட்களில் மட்டும் 383 விக்கெட், சராசரி 21 சொச்சம். மீதி 41 டெஸ்ட்களில் 154 விக்கெட், சராசரி 30 பக்கம். ஆஸ்திரேலியாவில் 11 டெஸ்ட் ஆடி 40 விக்கெட், சராசரி 40-ஐத் தாண்டிவிடும். தென்னாப்பிரிக்கா இன்னும் மோசம். இங்கிலாந்தில் மட்டும் 7 டெஸ்ட்களில் 18 விக்கெட், சராசரி 28, அது ஒரு வெளிநாட்டுச் சுழற்பந்து வீச்சாளருக்கு நல்ல எண். ஆக, உள்ளூருக்கும் வெளியூருக்கும் இடைவெளி இருக்கிறது என்பது உண்மைதான், அதை மறுத்துப் பேசுகிற ரசிகர்களோடு நான் சேர மாட்டேன்.

ஆனால் இதே அளவுகோலை எடுத்துக்கொண்டு மற்றவர்களிடமும் போய்ப் பாருங்கள். முத்தையா முரளிதரன், 800 விக்கெட் எடுத்தவர், ஆஸ்திரேலியாவில் 5 டெஸ்ட் ஆடி 12 விக்கெட் எடுத்தார், சராசரி 75. ஷேன் வார்ன் இந்தியாவில் 9 டெஸ்ட் ஆடினார், 34 விக்கெட், சராசரி 43. அதுவும் சுழலுக்குப் பேர்போன இந்தியாவில்! இவர்கள் இரண்டு பேரையும் யாரும் அதை வைத்துக் கீழே இறக்குவதில்லை. அஸ்வினைப் போல விரலால் சுழற்றும் ஆஃப் ஸ்பின்னருக்கு, அங்கே பயன்படுத்தும் கூக்கபரா வகைப் பந்தும் ஆஸ்திரேலியாவின் துள்ளுகிற தரையும் அநேகமாக உலகத்திலேயே கஷ்டமான கூட்டணி. பந்தின் தையல் சீக்கிரம் அமுங்கிவிடும், பந்து தரையைப் பிடிக்காது, பிட்ச் துள்ளுவதால் பேட்ஸ்மேன் பின்காலில் நின்று நிதானமாக ஆடலாம். மணிக்கட்டால் சுழற்றுகிறவருக்கு அங்கே கொஞ்சம் வாழ்வு உண்டு, ஆஃப் ஸ்பின்னருக்கு வெகு குறைவு.

அடுத்தது, 'இந்தியாவில் பந்து தானாகச் சுழலும், யார் போட்டாலும் விக்கெட் விழும்' என்கிற பேச்சு. இதை உடைக்க அஸ்வினுடைய வாழ்க்கையிலிருந்தே ஒரு தொடரை எடுக்கலாம். 2012 கடைசியில் இங்கிலாந்து இங்கே வந்தது. சுழலும் பிட்ச்களைத்தான் இந்தியா கேட்டு வாங்கியது. நடந்தது என்ன? கிரேம் ஸ்வான் 20 விக்கெட், மான்டி பனேசர் மூன்றே டெஸ்ட்களில் 17 விக்கெட், அஸ்வின் 4 டெஸ்ட்களில் 14 விக்கெட், சராசரி 52-க்கு மேல். இந்தியா 2-1 என்று தொடரையே தோற்றது. அதே பிட்ச், அதே பந்து, வெளியூர்க்காரர்கள் நம்மைவிட நன்றாகப் போட்டார்கள். ஆக, பிட்ச் வாய்ப்பைத் தரும், அதை விக்கெட்டாக மாற்றுவது பந்துவீச்சாளரின் கையில் இருக்கிறது. அந்தத் தோல்விக்குப் பிறகு 2013 பிப்ரவரியிலிருந்து 2024 வரை இந்தியா சொந்த மண்ணில் தொடர்ந்து 18 டெஸ்ட் தொடர்களை வென்றது. உலக கிரிக்கெட்டில் இதற்குப் பக்கத்தில் கூட இன்னொரு சாதனை கிடையாது. அந்தப் பதினோரு வருடமும் அணியில் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள், மூன்று நான்கு கேப்டன்கள் மாறினார்கள், பந்தோடு நடுவில் நின்றவர்கள் அஸ்வினும் ஜடேஜாவும்தான்.

இந்த மனிதர் எங்கே கற்றுக்கொண்டார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் புரியும். 1986 செப்டம்பர் 17-ல் பிறந்தவர், வளர்ந்தது மேற்கு மாம்பலம். அப்பா ரவிச்சந்திரன் கிளப் கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டவர். மகன் தொடக்கத்தில் ஓப்பனிங் பேட்ஸ்மேன், கூடவே மிதவேகப் பந்து. பதின்வயதில் இடுப்பில் பட்ட காயம் அந்தப் பாதையை மாற்றியது, ஓடி வந்து போடுவதை விட்டு ஆஃப் ஸ்பின்னுக்கு வந்தார். ஒருபக்கம் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் ஐ.டி. படிப்பு, இன்னொரு பக்கம் சென்னை லீக் ஆட்டங்கள். 2006 டிசம்பரில் ஹரியானாவுக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்காக ரஞ்சியில் முதல் ஆட்டம். பேட்ஸ்மேனாகத் தொடங்கியவர் என்பதை நினைவில் வையுங்கள், எதிரே நிற்கிறவன் என்ன எதிர்பார்க்கிறான் என்று அவர் யோசிக்கும் விதத்தில் அது கடைசிவரை தெரிந்தது.

கேரம் பால் என்று உலகம் சொல்வதை சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடுகிறவர்கள் வெகு காலமாகவே போட்டு வருகிறார்கள், சொடக்கு பால் என்பார்கள். நடுவிரலை மடக்கிப் பந்தைச் சொடுக்கிவிடுவது. அஸ்வின் அதைத் தெருவில் பார்த்துப் பிடித்துக்கொண்டு கிரிக்கெட் பந்தில் போட்டுப் பழகியவர். 2008-ல் இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் அந்தப் பந்தை சர்வதேச அளவில் பிரபலமாக்கினார். மெண்டிஸை இரண்டு வருடத்தில் எல்லோரும் படித்து முடித்துவிட்டார்கள், அஸ்வினைப் பதினைந்து வருடமாகியும் முடிக்கவில்லை. காரணம், அஸ்வினுக்கு அந்தப் பந்து துணைக்கு வருவதுதான், அவருடைய சாப்பாடு சாதாரண ஆஃப் பிரேக், அதாவது வலக்கை பேட்ஸ்மேனுக்கு உள்ளே திரும்பும் பந்து.

ஐபிஎல் கதையை வேகமாகக் கடந்துவிடலாம், அது எல்லோருக்கும் தெரியும். 2010 சாம்பியன்ஸ் லீக்கில் விக்டோரியா அணிக்கு எதிராக சூப்பர் ஓவர் போட அனுப்பப்பட்டு 23 ரன் கொடுத்தார், சென்னை தோற்றது. அதே தொடரின் முடிவில் கோப்பை சென்னைக்கு, தொடர் நாயகன் அஸ்வின். 2011 இறுதிப் போட்டியில் சேப்பாக்கத்தில் புதுப் பந்தை வாங்கி முதல் ஓவரிலேயே கிறிஸ் கெய்லை ரன் எடுக்க விடாமல் அனுப்பினார். ஆஃப் ஸ்பின்னரிடம் புதுப் பந்தைக் கொடுப்பதை ஒரு வழக்கமான உத்தியாக மாற்றியதில் தோனிக்கும் அவருக்கும் பெரிய பங்கு உண்டு. அப்புறம் புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான், கடைசியில் 2025-ல் மறுபடி சென்னை. மொத்தம் 187 ஐபிஎல் விக்கெட்.

டெஸ்டுக்கு வருவோம். 2011 நவம்பர், டெல்லி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் டெஸ்ட், 9 விக்கெட், ஆட்ட நாயகன். அதே தொடரில் மும்பையில் ஒரே டெஸ்ட்டில் 103 ரன்னும் 9 விக்கெட்டும். 3 டெஸ்ட்களில் 22 விக்கெட், தொடர் நாயகன். இப்படி ஆரம்பித்தவர் நேராக ஆஸ்திரேலியா போய் 3 டெஸ்ட்களில் 9 விக்கெட்டோடு திரும்பினார், பிறகு மேலே சொன்ன இங்கிலாந்துத் தொடர். அந்தக் காலத்து அஸ்வினிடம் எல்லாப் பந்தும் இருந்தது, ஓவருக்கு நாலு வகை போடுவார், ஒரே இடத்தில் ஒரே பந்தை இருபது தடவை போடும் பொறுமை மட்டும் இல்லை. டி20-யில் விக்கெட் தந்த பழக்கம் டெஸ்டில் ரன்னைத் தந்தது. 2013 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா வந்தபோது பார்த்தால் ஆள் மாறியிருந்தார். சென்னையில் 12 விக்கெட், 4 டெஸ்ட்களில் 29. கேரம் பாலைக் குறைத்து, ஆஃப் பிரேக்கை நன்றாகச் சுழற்றி, மேலே தூக்கி, பேட்ஸ்மேனுக்கு முன்னால் விழவைத்தார்.

அப்புறம் ஜோஹன்னஸ்பர்க். 2013 டிசம்பர். தென்னாப்பிரிக்காவுக்கு இலக்கு 458, நான்காவது இன்னிங்ஸ், எந்தச் சுழற்பந்து வீச்சாளரும் ஆசைப்படும் சூழல். அஸ்வின் அந்த டெஸ்ட்டில் 42 ஓவர் போட்டு ஒரு விக்கெட் கூட எடுக்கவில்லை. டு பிளெஸ்ஸியும் டிவில்லியர்ஸும் சதம் அடிக்க, தென்னாப்பிரிக்கா 450 வரை வந்து நின்று ஆட்டம் டிரா ஆனது. அடுத்த டெஸ்ட்டில் ஜடேஜா உள்ளே, அஸ்வின் வெளியே. அதிலிருந்து 2014 ஆகஸ்டில் ஓல்ட் டிராஃபோர்டுக்கு வரும்வரை ஒரு டெஸ்ட் கூட இல்லை.

என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையின் அச்சாணி இந்த எட்டு மாதம்தான். 27 வயதில், வேகமாக 100 விக்கெட் எடுத்த இந்தியர் என்ற பெயரோடு இருந்தவர், அடிப்படையைப் பிரித்துப் போட்டு மறுபடி கோத்தார். ஓடி வரும் பாதை, கிரீஸில் கால் விழும் இடம், தோள் திரும்பும் விதம், பந்தை விடும் உயரம், எல்லாவற்றிலும் கை வைத்தார். திரும்பி வந்த அஸ்வினின் பந்து காற்றில் நடந்துகொண்ட விதமே வேறு. முன்பு பந்து பிட்சில் விழுந்த பிறகுதான் வேலை தொடங்கும். 2015-க்குப் பிறகு வேலையின் பாதி காற்றிலேயே முடிந்துவிடும். வலக்கை பேட்ஸ்மேனுக்கு ஸ்லிப் பக்கமாக மிதந்து வெளியே போவதுபோல் போய், கடைசி நேரத்தில் சட்டென்று இறங்கி, உள்ளே திரும்பும். பேட்ஸ்மேன் முன்காலை எங்கே வைக்கலாம் என்று முடிவு செய்த பிறகு பந்து வேறு இடத்தில் விழுகிறது.

2015 இலங்கைத் தொடரைப் பாருங்கள். குமார் சங்கக்காராவுக்கு அது கடைசித் தொடர், உலகத்தின் தலைசிறந்த இடக்கை பேட்ஸ்மேன்களில் ஒருவர், சுழலை ஆடிப் பிறந்து வளர்ந்தவர், அதுவும் அவருடைய சொந்த நாட்டில். நாலு இன்னிங்ஸ் ஆடினார், நாலிலும் அஸ்வினிடம் அவுட். காலி நகரில் நடந்த டெஸ்ட்டில் 10 விக்கெட், தொடரில் 21 விக்கெட், இந்தியா 2-1 என்று வென்றது. அடுத்து தென்னாப்பிரிக்கா இங்கே வந்தபோது 31 விக்கெட். அந்த நாக்பூர் பிட்ச் மோசம் என்று ஐசிசியே மதிப்பிட்டது, அங்கே எடுத்த 12 விக்கெட்டை வேண்டுமானால் தள்ளிவைத்துப் பேசலாம். 2016-ல் நியூசிலாந்துக்கு எதிராக 3 டெஸ்ட்களில் 27, அதில் இந்தூரில் மட்டும் 13. 200 விக்கெட்டை 37-வது டெஸ்ட்டில் தொட்டார். 1930-களில் கிளாரி கிரிம்மெட் 36 டெஸ்ட்களில் எடுத்தது மட்டும்தான் அப்போது அதற்கு முன்னால் இருந்தது. 250-ஐ 45-வது டெஸ்ட்டிலும் 300-ஐ 54-வது டெஸ்ட்டிலும் எட்டியபோது உலகில் அவரைவிட வேகமாக யாரும் எட்டியிருக்கவில்லை. 2016-க்கான ஐசிசி சிறந்த வீரர் விருது, திராவிட், டெண்டுல்கருக்குப் பிறகு மூன்றாவது இந்தியர்.

இடக்கை பேட்ஸ்மேன்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிரிக்கெட்டில் அஸ்வின் விட்டுப்போகிற பெரிய அறிவு அதுதான். டெஸ்டில் 200 இடக்கை பேட்ஸ்மேன்களை வீழ்த்திய முதல் பந்துவீச்சாளர் அவர், கடைசியில் அவருடைய விக்கெட்டுகளில் ஏறக்குறைய பாதி இடக்கையர்கள். ஆஃப் பிரேக் இடக்கையருக்கு வெளியே திரும்பும் என்பதால் இயல்பாகவே அனுகூலம் உண்டு, அது எல்லா ஆஃப் ஸ்பின்னருக்கும் உண்டு. அஸ்வின் செய்தது என்னவென்றால், ரவுண்ட் தி விக்கெட்டிலிருந்து (ஸ்டம்புக்கு மறுபக்கமாக ஓடி வந்து) கிரீஸின் அகலம் முழுவதையும் பயன்படுத்தினார். ஒரு பந்து ஸ்டம்புக்கு ஒட்டி, அடுத்தது கிரீஸின் விளிம்பிலிருந்து. வெளியிலிருந்து கோணத்தில் உள்ளே வரும் பந்தை பேட்ஸ்மேன் ஆடித்தான் ஆக வேண்டும், விட்டால் எல்பிடபிள்யூ. அதில் ஒன்று திரும்பினால் விளிம்பு எடுத்து ஸ்லிப்புக்குப் போகும், ஒன்று திரும்பாமல் சறுக்கி நேராகப் போனால் கால்காப்பில் படும். எது எப்படிப் போகும் என்பது கையிலிருந்து தெரியாது, ஏனென்றால் சறுக்கும் பந்துக்கு அவர் கையை மாற்றுவதில்லை, தையலின் சாய்வை மட்டும் மாற்றுகிறார். இந்தியா 2016 கடைசியில் டிஆர்எஸ்ஸை (நடுவரின் முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் முறையை) ஏற்றுக்கொண்டது இந்த வித்தைக்கு இன்னும் பலம் சேர்த்தது. பென் ஸ்டோக்ஸ் டெஸ்டில் 13 தடவை, டேவிட் வார்னர் 11 தடவை இவரிடம் அவுட் ஆனார்கள். இவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை.

2018, இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டன், முதல் நாள் காலை, பிட்சில் ஒரு கீறல் கூட விழவில்லை. அலஸ்டர் குக்குக்கு ஒரு பந்து. காலை நோக்கி மிதந்து வந்து, விழுந்து, மட்டையின் வெளிவிளிம்பைத் தாண்டி ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. இரண்டாவது இன்னிங்ஸில் கிட்டத்தட்ட அதே பந்து, அதே முடிவு. அந்த டெஸ்ட்டில் 7 விக்கெட். இது பிட்ச் கொடுத்த விக்கெட் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதே தொடரில் சவுத்தாம்ப்டனில், நான்காவது டெஸ்ட், பிட்சில் காலடித் தடங்கள் இருந்தன, மொயீன் அலி 9 விக்கெட் எடுத்தார், அஸ்வின் 3. அவர் இடுப்புப் பகுதிக் காயத்தோடு ஆடினார் என்பது தெரிந்த விஷயம். இருந்தாலும் அந்தத் தோல்வி வலித்தது, தொடரே அங்கேதான் போனது. அவரை விமர்சிக்க வேண்டுமென்றால் நான் எடுக்கும் ஆட்டம் அதுதான். உடம்பு அவரைச் சில முக்கியமான இடங்களில் கைவிட்டது. 2018 அடிலெய்டில் 6 விக்கெட் எடுத்துவிட்டு அந்தத் தொடரின் மீதி மூன்று டெஸ்ட்டையும் காயத்தால் இழந்தார்.

'வெளிநாட்டில் உட்கார வைத்தார்கள்' என்பதற்கு வருவோம். இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா போன்ற இடங்களில் இந்தியா நாலு வேகப்பந்து, ஒரு சுழற்பந்து என்று போகத் தொடங்கியது. அந்த ஒரு இடத்துக்கு ஜடேஜா போட்டி. ஜடேஜா ஏழாவது இடத்தில் நம்பி அனுப்பக்கூடிய இடக்கை பேட்ஸ்மேன், ஃபீல்டிங்கும் தெரிந்ததே. ஆக, அஸ்வின் வெளியே போனது பந்துவீச்சில் தோற்று அல்ல, பேட்டிங் வரிசையின் நீளத்தைப் பார்த்து எடுத்த முடிவு. 2021-ல் இங்கிலாந்தில் நாலு டெஸ்ட்டிலும் அவர் இல்லை. அதற்குச் சில வாரம் முன்புதான் ஓவலில் சர்ரே அணிக்காக ஒரே கவுண்டி ஆட்டம் ஆடி, சாமர்செட்டை 69 ரன்னுக்குச் சுருட்டியதில் 27 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்திருந்தார். இருந்தும் அந்த நாலு டெஸ்ட்டின் முடிவில் இந்தியா 2-1 என்று முன்னிலை பெற்றது, அதனால் அந்த முடிவைக் குறை சொல்வது கஷ்டம். ஆனால் 2023 ஜூனில் அதே ஓவலில் நடந்த டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. டெஸ்ட் தரவரிசையில் அவர்தான் உலகின் முதல் பந்துவீச்சாளர். எதிரணியில் வார்னர், கவாஜா, ஹெட், கேரி, ஸ்டார்க் என்று ஐந்து இடக்கையர்கள். நாலு மாதம் முன்புதான் அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 25 விக்கெட் எடுத்திருந்தார். மேகமூட்டத்தையும் பச்சைப் பிட்சையும் முதல் நாள் காலை பார்த்து ஐந்து நாளுக்கான அணியை எடுத்தார்கள். ஹெட் 163 அடித்தார், இந்தியா 209 ரன்னில் தோற்றது. அஸ்வின் ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் அவரை வெளியே வைக்கக் கிரிக்கெட் ரீதியாக ஒரு நல்ல காரணம் அன்று இருக்கவில்லை.

சரி, ஆஸ்திரேலியாவில் அவர் எதுவுமே செய்யவில்லையா? 2020-21 தொடர்தான் இதற்குப் பதில். அடிலெய்டு முதல் இன்னிங்ஸில் 4 விக்கெட், ஸ்டீவ் ஸ்மித்தை 1 ரன்னில் நேராகப் போன பந்தில் ஸ்லிப்பில் பிடிக்க வைத்தார். மெல்போர்னில் முதல் நாளே லெக் கல்லியில் (பேட்ஸ்மேனின் கால் பக்கத்துக்குப் பின்னால்) புஜாராவை நிறுத்தி ஸ்மித்தை பூஜ்யத்தில் எடுத்தார். சிட்னியிலும் இரண்டாவது இன்னிங்ஸில் ஸ்மித் அவரிடமே. 3 டெஸ்ட்களில் 12 விக்கெட் என்பது பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் உலகின் முதல் பேட்ஸ்மேனை அவருடைய சொந்த நாட்டில், தொடரின் தொடக்கத்திலேயே யோசிக்க வைத்த பந்துவீச்சு அது.

அந்தச் சிட்னி டெஸ்ட்டின் ஐந்தாம் நாளுக்கு எண்ணே தேவையில்லை. அதற்கு முந்தைய இரவு முதுகு வலியில் அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. மறுமுனையில் ஹனுமா விஹாரிக்குத் தொடைத் தசை கிழிந்து ஓட முடியாது. கம்மின்ஸ், ஸ்டார்க், ஹேசில்வுட் மூன்று பேரும் விலாவுக்கும் தோளுக்கும் குறிவைத்துப் போட, இரண்டு பேரும் 42 ஓவருக்கு மேல் நின்றார்கள். அஸ்வின் 128 பந்தில் 39, விஹாரி 161 பந்தில் 23, இருவரும் ஆட்டமிழக்காமல் டெஸ்ட்டை டிரா செய்தார்கள். நடுவில் இரண்டு பேரும் தமிழும் தெலுங்குமாகப் பேசிக்கொண்டே ஒருவருக்கு ஒருவர் தைரியம் சொன்னார்கள், எந்தப் பந்துவீச்சாளரை யார் ஆடுவது என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த டிரா இல்லையென்றால் பிரிஸ்பேன் வெற்றிக்கு அர்த்தமே வேறு. பிரிஸ்பேனில் காயத்தால் அவர் ஆடவில்லை, அந்த இடத்தில்தான் வாஷிங்டன் சுந்தர் முதல் டெஸ்ட் ஆடினார்.

அவர் பேட்டிங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 3503 ரன், 6 சதம். ஒரே டெஸ்ட்டில் சதமும் ஐந்து விக்கெட்டும் என்பதை நாலு தடவை செய்திருக்கிறார், அவருக்கு முன்னால் இருப்பவர் ஐந்து தடவை செய்த இயான் போத்தம் ஒருவர்தான். அந்த நாலில் இரண்டு சேப்பாக்கத்தில். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக, கொரோனாவுக்குப் பிறகு இந்தியாவில் முதல்முறையாக ரசிகர்களை உள்ளே விட்ட டெஸ்ட், மற்றவர்கள் தடுமாறிய பிட்சில் 106 அடித்தார். கடைசி விக்கெட்டுக்கு சிராஜ் நிற்கும்போதுதான் சதம் வந்தது, சிராஜ் தனக்கே சதம் வந்ததுபோல் குதித்தார். 2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராக 144-க்கு 6 விக்கெட் என்ற நிலையிலிருந்து ஜடேஜாவோடு 199 ரன் சேர்த்து 113, பிறகு 6 விக்கெட்.

அவருடைய மூளையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முடியாது. 2022 அக்டோபர், மெல்போர்ன், டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தான். கடைசிப் பந்தில் 2 ரன் வேண்டும், அப்போதுதான் தினேஷ் கார்த்திக் அவுட், அஸ்வின் உள்ளே வருகிறார். நவாஸ் காலுக்கு வெளியே போடுகிறார். மைதானத்தில் தொண்ணூறாயிரம் பேர், எந்த பேட்ஸ்மேனும் மட்டையை நீட்டியிருப்பான். இவர் ஒதுங்கி விட்டார், வைடு, ஸ்கோர் சமம். அடுத்ததை மிட்ஆஃப் தலைக்கு மேல் தூக்கி ஆட்டத்தை முடித்தார். 2019 ஐபிஎல்லில் ஜெய்ப்பூரில், பந்துவீசும் முனையில் நின்று, பந்து போடும் முன் கிரீஸை விட்டு நகர்ந்த ஜோஸ் பட்லரை ரன் அவுட் செய்தபோது உலகமே திட்டியது. விதிப்படி செய்தேன் என்று ஒரு அடி கூடப் பின்வாங்கவில்லை. 2022-ல் கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசி அந்த விதியை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற பிரிவிலிருந்து எடுத்து சாதாரண ரன் அவுட் பிரிவில் சேர்த்தது. நான் அன்றும் அவர் பக்கம்தான். முன்கூட்டியே இரண்டடி ஓடுகிறவனைக் கேட்காமல், அதைக் கவனித்தவனைக் கேட்பது என்ன நியாயம்?

முடிவு 2024-ல் வந்தது. பிப்ரவரியில் ராஜ்கோட்டில் 500-வது விக்கெட், அன்று இரவே அம்மாவுக்கு உடல்நலமில்லை என்று சென்னைக்குப் போய், நான்காம் நாள் திரும்பி வந்து பந்து போட்டார். மார்ச்சில் தரம்சாலாவில் 100-வது டெஸ்ட், 9 விக்கெட். அக்டோபர்-நவம்பரில் நியூசிலாந்து இங்கே வந்து 3-0 என்று வென்று அந்த 18 தொடர் ஓட்டத்தை முடித்தது, அதில் அவருக்கு 9 விக்கெட்தான். டிசம்பர் 18, பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்ததும், தொடரின் நடுவிலேயே ஓய்வு.

ஆக, என் பதில்: இந்தியாவில் கும்ப்ளேயின் 619 மட்டும்தான் அவருக்கு மேலே இருக்கிறது. கும்ப்ளேயின் சராசரி 29 சொச்சம், அஸ்வினுடையது 24. வெளிநாட்டுப் பந்துவீச்சில், குறிப்பாக 2003-04 ஆஸ்திரேலியாவில் 3 டெஸ்ட்களில் 24 விக்கெட் எடுத்த கும்ப்ளே எனக்கு ஒரு படி மேல். இந்தியாவில் ஆடும் டெஸ்ட்டுக்கு ஒரே ஒரு சுழற்பந்து வீச்சாளரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் அஸ்வின். இந்தியாவின் ஆஃப் ஸ்பின்னர்களில், பிரசன்னா, வெங்கட்ராகவன், ஹர்பஜன் எல்லோரையும் சேர்த்து, முதல் இடம் அவருக்கே. டெஸ்டில் 11 தடவை தொடர் நாயகன், அதில் அவருக்குச் சமமாக நிற்பவர் முரளிதரன்.

எண்ணை விட்டுவிட்டுப் பந்தைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று இடம் சொல்கிறேன்: எட்ஜ்பாஸ்டன் 2018-ல் குக்குக்குப் போட்ட இரண்டு பந்து, மெல்போர்ன் 2020 முதல் நாள் முதல் ஸ்பெல், 2014 டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் ஹாஷிம் அம்லாவின் கால் பக்கம் விழுந்து ஸ்டம்பைத் தட்டிய கேரம் பால். பார்க்கும்போது பந்தையே துரத்தாமல் அவர் முன்கால் கிரீஸில் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள், ஒவ்வொரு பந்துக்கும் அது நகர்வது தெரியும்.